சட்டம் எரித்த என் அண்ணனுக்கு

பாசமுள்ள ஜோசப் அண்ணே,

நேற்று உங்க பேரில் கல் நட்டோம். பூண்டுலோயா கல்லறைத் தோட்டத்தில், உங்க மகள் மெர்லின் பக்கத்தில். கீழே நீங்க இல்லை. ஆனாலும் நட்டோம்.

மூணு வயசில் காய்ச்சல் கொண்டுபோன பிள்ளை. ஞாயிறு பூசை முடிஞ்சதும் நேரா அங்கேதான் போவீங்க. புல்லைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டுவீங்க. "இது எனக்கு. வேற யாரையும் படுக்க விட்டுறாதே தங்கச்சி." நீங்க ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஆறடி மட்டுந்தானே?

கொரோனாவில் நீங்க ஆஸ்பத்திரியில் செத்தப்போ, அந்த நோயில் போன எல்லாரையும் எரிக்கணும் என்று நம்ம நாட்டில் சட்டம் இருந்தது. புதைச்சா தண்ணி கெட்டுடும் என்றார்கள். உலகம் பூரா புதைச்சுக்கிட்டுத்தானே இருந்தாங்க? "நாங்க வேதக்காரங்க, சம்மதிக்க மாட்டேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினேன். அங்கே நின்ற சுகாதார அதிகாரி கெட்டவர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நீதிய, நங்கி" என்றார். 'சட்டம், தங்கச்சி' என்று அர்த்தம். சிங்களத்தில் சட்டத்துக்குப் பேர் நீதி. நம்ம பாஷையில் நீதி வேறதானே அண்ணே?

அன்றைக்கே எரித்துவிட்டார்கள். சாம்பல்கூட நம்ம கைக்கு வரவில்லை. பிறகு அந்தச் சட்டத்தை நீக்கினார்கள், தப்புதான் என்றும் சொன்னார்கள். உங்களை யார் திருப்பித் தருவாங்க?

கல்லில் என்ன வெட்டுவது என்று போன மாசம் கோயிலில் கூட்டம். நான் எழுதிப்போனதை வாசித்தேன்: "ஜோசப் இங்கே இல்லை. மகள் பக்கத்தில் படுக்க ஆசைப்பட்டார். சட்டம் எரித்தது."

தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையா இருந்து ஓய்வு பெற்றவர் எழும்பினார். "நாம வோட்டுப் போட்டு வந்த அரசாங்கம் போட்ட சட்டம் டீச்சர். அதைக் குத்தம் சொல்லிக் கல்லுல வெட்டலாமா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "நானும் போட்டேங்க. ரோட்டுக்குப் போட்டேன், பள்ளிக்கூடத்துக்குப் போட்டேன். எங்கண்ணனை எரிக்கப் போடல. நிறையப் பேரு கை தூக்கினா பாவம் புண்ணியமாயிருமா? தோட்டத்துல உழைச்ச நம்ம தாத்தாமாருக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லேன்னு சொன்னவங்களும் வோட்டுல வந்தவங்கதானே? அதுவும் சட்டந்தானே?"

"கொஞ்சம் பதமா எழுதலாமேம்மா" என்றார் பாதர்.

அப்போதுதான் அண்ணி எழும்பினாங்க. நீங்க போன பிறகு நாலு பேர் முன்னால் வாய் திறக்காத அண்ணி. "எம்புள்ள பக்கத்துல எடம் வெறுமனே கெடக்கு பாதர். ஏன் கெடக்குன்னு பதமா எழுதத் தெரிஞ்சா நீங்களே சொல்லுங்க."

பாதர் அண்ணியைப் பார்த்தார். "அப்படியே வெட்டச் சொல்லுங்க" என்றார்.

கணக்கப்பிள்ளை நேற்று வரவில்லை. வராட்டி போகட்டும்.

இனி எந்தத் தேர்தல் வந்தாலும் போய் வோட்டுப் போடுவேன். ஜெயிச்சவங்க கொண்டுவரும் சட்டம் மனுசருக்கு ஆகாதது என்றால், அவங்களுக்கு வோட்டுப் போட்ட நானே எதிர்த்து நிற்பேன். கல்லைப் பிடுங்கு என்று ஒரு சட்டம் வந்தாலும் பிடுங்க விடமாட்டேன் அண்ணே. இது சத்தியம்.

அந்த இடத்தில் வேறு யாரையும் படுக்க விடாத,
உங்க தங்கச்சி மேரி