இரண்டாவது மிதி

பிரேக் ஆயில் வாடை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. இரண்டு முறை சோப்பு போட்டாயிற்று. நம் கார் வாசலில் நிற்கிறது, நான் அதன் பக்கத்தில் குந்தியபடி உனக்கு எழுதுகிறேன். தாளை முழங்காலில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக வருகிறது. நீ படித்துக் கேலி செய்யப் போவதில்லை என்பதுதான் இன்றைக்கு இருக்கும் ஒரே வசதி.

பாகூரில் உன் கரும்பு வயலிலேயே நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச்சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சிநேகிதர்கள் நாம் சேர்ந்து வாங்கிய கார் அன்றிலிருந்து மணப்பட்டில் கடலோரம் என் வீட்டில்தான் கிடந்தது. இனி அரியூர் கல்லூரிக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவதாக உன் மகள் அபி சொன்னாள். கொடுப்பதற்கு முன் அந்தப் பாழாய்ப்போன பிரேக் பெடலை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று காலையில் முன்சக்கரங்களைக் கழற்றினேன்.

அந்தத் தொல்லை எப்போது ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். உப்புக் காற்றில் முன்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் பிரேக் காலிப்பர் இரண்டும் துருப்பிடித்து இறுகிப்போயின. மெக்கானிக்கிடம் விடலாம் என்றாய் நீ.

"போட் இன்ஜினையே பிரிச்சிப் போடுறவன்டா நானு. இது இன்னா பெரிய வேலை?" என்றேன். இரண்டையும் கழற்றி, ஒரே மண்ணெண்ணெய் வாளியில் ஊறப்போட்டு, தேய்த்து மாட்டினேன். அன்றிலிருந்து பெடல் பஞ்சு. முதல் மிதியில் கால் அடிவரை போகும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும்.

"உள்ள காத்து கீதுடா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நானும் நான்கு தடவை காற்று எடுத்தேன். நீ உட்கார்ந்து மிதிப்பாய், நான் கீழே படுத்து, காலிப்பரில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறப்பேன். போட் டீசல் இன்ஜினில் குமிழ் நின்று எண்ணெய் மட்டும் வந்தால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். இதில் முதலிலிருந்தே குமிழ் வரவில்லை. ஆகவே காற்றே இல்லை என்று சாதித்தேன். பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியும் சரியாகவில்லை. கடைசியில் பழியை உன் கால்மேல் போட்டேன். "ஏர் ஓட்டுற காலுடா உன்னுது. பதமா மிதிக்கத் தெரியல."

கரும்பு டிராக்டர் ஒன்று நமக்கு முன்னால் திடீரென நின்றதே, அன்றும் இதே கதைதான். மிதித்தாய், கால் அடியில் போய் முட்டியது. மறுபடி மிதித்தாய். கண்ணாடிக்கும் கரும்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. பின்சீட்டில் அபி. நான் உன்னைத்தான் திட்டினேன். நீ வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வுடுப்பா, நின்னுடுச்சி இல்ல," என்றாய்.

இன்று பார்த்தேன். காற்று வெளியேறும் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். இரண்டு சக்கரத்திலும் அது அடியில் இருந்தது. வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டியிருக்கிறேன். காற்று மேலேயே தங்கிவிட்டது. நான் அடியில் திறந்து எண்ணெயை மட்டும் வடித்துக்கொண்டிருந்தேன். குமிழ் வராததன் காரணம் அதுதான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இடம் மாற்றி மாட்டி, சாவி வாங்க வந்த அபியை மிதிக்கச் சொல்லிக் காற்று எடுத்தேன். நுரைத்துக்கொண்டு குமிழ் வந்தது. பெடல் கல்லாக நின்றது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா வேற மெக்கானிக்கிட்ட காட்டச் சொன்னாங்க சித்தப்பா. அப்பாதான் வேணாம்னுட்டாரு. 'அவன் கை வெச்ச வேலைய இன்னொருத்தங்கிட்ட காட்டுனா மூஞ்சி வாடிப்பூடும். ரெண்டு வாட்டி மிதிச்சா நிக்குது, போதும்'னாரு."

அடப்பாவி. என் முகம் வாடக் கூடாதென்று பெற்ற மகளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினாயா? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? உன்மேல் கோபமாக வருகிறது, அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரிகிறது.

சாவியை அபியிடம் கொடுக்கவில்லை. நாளை வில்லியனூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டு, அவர் என் வேலையைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கொடுப்பேன். என் முகம் வாடினால் வாடட்டும்.

சக்கரங்களை மாட்டி, தெருமுனை வரை நானே மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். முதல் மிதியிலேயே கார் நின்றுவிட்டது. என் கால் மட்டும் இரண்டாவது தடவையும் மிதித்தது.