காய்ச்சக் கூடாத பால்

வில்லியனூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பின்.

மாதாவின் காவலில் பிரான்சில் இருக்கும் அன்பு மகன் பெனடிக்டுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் மனைவி சோபனாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. அங்கே குளிர் விட்டதா? வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன தடவை நான் சோபனாவின் வேலையைப் பற்றிப் பேச்செடுத்ததும் பாதியில் வைத்துவிட்டாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், கோபம் தணிந்ததும் படிக்கலாம். அதனால்தான் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

முதலில் ஒரு துக்கச் செய்தி. நம் பசு சிவப்பி கன்று போட்ட நாலாம் நாள் செத்துப்போயிற்று. டாக்டர் வந்து ஊசி போட்டும் பிழைக்கவில்லை. உன்னிடம் போனில் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. பிறந்தது கிடேரிக் கன்று. சீம்பால் மட்டும் வயிறாரக் குடித்திருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்காரவேலு, தாயில்லாத கன்று தேறாது, வீணாக மெனக்கெடாதீர்கள் என்றார். தெருவில் யாரிடமும் பால் கேட்க முடியவில்லை. கறப்பதெல்லாம் சொசைட்டிக்குப் போய்விடுகிறது.

அன்று சாயங்காலம் சோபனா தன் கம்பெனிப் பவுடரில் ஒரு மூட்டை எடுத்து வந்தாள். தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கன்றுக்குக் கரைத்துக் கொடுக்கும் பவுடர். மாவைக் கரைத்து ஊற்றி மாடு வளர்க்கப் போகிறாயாக்கும் என்று கிண்டல் செய்தேன். அவள் வாளியில் கரைத்தாள். கன்றுக்கு வாளியில் குடிக்கத் தெரியவில்லை. தன் விரலை அதன் வாயில் கொடுத்துச் சப்ப விட்டு, அப்படியே கையைப் பாலுக்குள் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் விரலை உருவிக்கொண்டாள். அது தானாகவே உறிஞ்சிக் குடித்தது. எத்தனையோ வருஷம் மாடு வைத்திருந்தவன் நான், இதைப் பார்த்ததே இல்லை.

இனிமேல்தான் என் பெருமை வருகிறது. மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் மத்தியானப் பாலை நானே கலந்தேன். கலந்ததை அடுப்பில் ஏற்றிப் பொங்கவிட்டு, நன்றாக ஆற்றிக் கொடுத்தேன். பால் என்றால் காய்ச்ச வேண்டும், வேறென்ன? திப்பி திப்பியாகத் திரிந்திருந்தது. மாவுப் பால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் கன்று கழிந்து கழிந்து காலை நீட்டிப் படுத்துவிட்டது. சோபனா தெருமுனையில் வரும்போதே, உன் கம்பெனிப் பவுடர் கொன்றுவிட்டது என்று நாலு பேர் காதில் விழக் கத்தினேன்.

அவள் பையைக்கூட இறக்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“மாமா, இத்த காய்ச்சினீங்களா?”

அவ்வளவுதான். தெருவில் என் மானத்தை வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. அந்தப் பவுடரில் இருக்கும் சத்து கொதித்தால் திரிந்துபோகுமாம், கன்றுக்கு அது செரிக்காதாம். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அதுதான் கணக்காம். உடனே டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொன்னபடி உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கன்றோடு கொட்டகையிலேயே கிடந்தாள். அதற்கு அடுத்த நாள் கன்று எழுந்து நின்றது. நான்தான் கொஞ்ச நாள் தலை நிமிரவில்லை.

அப்புறம் வெட்கத்தை விட்டு, இதை எப்படித்தான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். சேதராப்பட்டில் இருக்கும் தன் கம்பெனிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்துக் காட்டினாள். வெண்ணெய் எடுத்த பால் பவுடர் ஒரு பக்கம். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு பக்கம். எண்ணெயை இளஞ்சூடாக்கி, சோயாவிலிருந்து எடுக்கிற ஒரு பசையோடு சேர்த்து, உருளும் இயந்திரத்துக்குள் பனி மாதிரித் தெளிக்கிறார்கள். அந்தப் பசை இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்குமாம். கடைசியில் விட்டமினும் தாது உப்பும். ஒவ்வொரு கலவையிலும் ஒரு பிடி எடுத்துக் கரைத்து, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்ப்பது சோபனாவின் வேலை. நான் நின்ற அன்றே ஒரு பீப்பாய் எண்ணெயில் லேசாகச் சிக்கு வாடை என்று திருப்பி அனுப்பினாள். லாரிக்காரன் எவ்வளவோ மன்றாடினான். கன்னுக்குட்டிக்கு வயித்த வலின்னா வாயத் தொறந்து சொல்லத் தெரியாது என்றாள், அவன் வாயை மூடிக்கொண்டான். நீ வேதியியல் படித்த பெண்ணைக் கட்டியபோது படிப்பு எதற்கு ஆகும் என்று கேட்டவன் நான். இப்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை, பெனடிக்ட்.

இன்னொன்றும் பார்த்தேன். சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளில் பிரெஞ்சு எழுத்து. பாலாடைக்கட்டி வடித்த தண்ணீரை உலர்த்திய பவுடராம், அதையும் இந்தக் கலவையில் சேர்க்கிறார்களாம். நீ அங்கே ரப்பர் பூட்ஸ் போட்டு நின்று கட்டி வடிக்கிறாயே, அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது என்றுதானே நான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்! அது உன் தொழிற்சாலை மூட்டையா, வேறு ஊர் மூட்டையா, யாருக்குத் தெரியும்? சோபனாவுக்கு அந்தக் கவலையே இல்லை. அந்த மூட்டை வந்து இறங்கும் நாளில், எங்க வூட்டுக்காரரு அனுப்பியிருக்காரு என்று கூட வேலை செய்யும் ரோஸ்லினிடம் சொல்லிச் சிரிப்பாளாம். ரோஸ்லின்தான் என்னிடம் சொன்னாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்த கூத்தை அவள் கம்பெனியில் பெயர் சொல்லாமல் சொல்லியிருக்கிறாள். கிராமத்தில் எல்லாரும் காய்ச்சத்தான் செய்வார்கள் என்று அவர்களுக்கு அப்போதுதான் உறைத்ததாம். இனி மூட்டை மேல் ‘கொதிக்க வைக்காதீர்கள்’ என்று பெரிய எழுத்தில், அடுப்புப் படத்தோடு வரப்போகிறது. பாகூர், பண்டசோழநல்லூர்ப் பக்கமெல்லாம் போய்க் கரைக்கிற விதத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டும், நீயே போ என்று சோபனாவைக் கேட்டிருக்கிறார்கள். அதைத்தான் அவள் உன்னிடம் சொன்னாள். நீ, என் பெண்டாட்டி ஊர் ஊராக மாட்டுக் கொட்டகையில் நிற்க வேண்டாம், வேலையையே விட்டுவிடு என்றாய்.

அவள் எங்களிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாதா திருவிழா முடிந்து கொடி இறங்கியதும் பதில் சொல்கிறேன் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறாள். நீ மனம் மாறாவிட்டால் அன்றோடு வேலையிலிருந்து நின்றுவிடுவாள். வற்புறுத்த வேண்டாம் மாமா, அவரு தூரத்துல தனியா இருக்காரு என்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ பால் தண்ணீரில் நிற்பது கௌரவம், அவள் கன்றுக்குட்டியருகே நிற்பது கௌரவக் குறைச்சலா? இரண்டு பேரும் ஒரே வேலையைத்தானடா செய்கிறீர்கள், நீ அந்தக் கோடியில், அவள் இந்தக் கோடியில்.

நீ விமானம் ஏறக் கிளம்பிய அன்று உன் அம்மா அழுதாள். நான் கோபத்தில் வாசலுக்கே வரவில்லை. கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட உன்னோடு முழுதாக இருந்திராத பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘போயிட்டு வாங்க’ என்று உன்னைச் சிரித்த முகமாக அனுப்பினாள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். கொடி இறங்குவதற்குள் அவளுக்குப் போன் போடு. நீ கிளம்பிய அன்று அவள் உனக்குச் சொன்னதை இப்போது நீ அவளுக்குச் சொல். வேறொன்றும் பேசத் தோன்றாவிட்டால் அதோடு வைத்துவிடு, பரவாயில்லை.

ஆண்டவர் உன்னையும், நீ விட்டுப்போன வீட்டையும் ஆசீர்வதிப்பாராக.

உன் அப்பா,
மரியசுந்தரம்