நீ போகாத இரண்டாவது கிளினிக்

தம்பி,

பதுளை பஜாரில் இன்று காமரங்கா குவித்து வைத்திருந்தார்கள். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்தப் பழம்தான். கடைக்காரர் ஒன்றை நறுக்கி ருசி பார்க்கச் சொல்லி நீட்டினார். அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் உன் மேல் வந்த கோபத்தில், பாவம், அவரிடம் எரிந்து விழுந்துவிட்டேன். ஹாலிஎல பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் ஆறவில்லை. செத்தவர் மேல் கோபம் வைக்கக் கூடாது என்று பாதர் சொல்கிறார். அவருக்கென்ன, அவர் உன்னோடு கூடப் பிறக்கவில்லை.

உனக்குச் சீனி வியாதி என்று தெரிந்ததும் தோட்டத்து லயத்தில் வரிசை வீடு முழுக்க எல்லோரும் வைத்தியராகிவிட்டார்கள். நம் லயத்தில் யாருக்காவது முடியாமல் போனால் ஆளுக்கொன்று டம்ளரில் மூடிக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்தவர் முன்னாலேயே குடித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மனஸ்தாபம். பாகற்காய்ச் சாறு வந்தது, வெந்தயத் தண்ணீர் வந்தது. அடுத்த காம்பராவில், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் மாமா காமரங்காச் சாறு கொண்டுவந்தார். நீ எல்லாவற்றையும் குடித்தாய். யாரோ சொன்னார்கள் என்று காலை ரொட்டியையும் விட்டாய். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையிலேயே மயங்கி விழுந்தாய்.

சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் அன்றுதான் சொன்னார். சாப்பாட்டு விஷயத்துக்கென்றே படித்துப் பதிவு பெற்ற உணவியலாளர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்று அனுப்பினார்.

"திங்கிறதுக்குமாக்கா ஒருத்தர்கிட்ட படிக்கணும்?" என்று வழியெல்லாம் என்னைக் கிண்டல் செய்தாய். நான் இழுத்துக்கொண்டுதான் போனேன்.

அந்த மிஸ் எதையும் சாப்பிடாதே என்று தொடங்கவில்லை. காலையில் எழுந்ததும் என்ன குடிக்கிறாய், மலைக்கு என்ன கட்டிக்கொண்டு போகிறாய், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டார். நீ முழித்தாய். அதுவரை எல்லோரும் உனக்குச் சொல்லித்தான் பழக்கம், கேட்டவர் எவரும் இல்லை.

"ரொட்டிய விடச் சொன்னது யாருங்க?"

"எல்லாரும்தான் மிஸ்."

"மலை ஏறி வேல செய்றவரு பட்டினியா மாத்திரை போடலாமா? ரொட்டி சாப்பிடுங்க. அளவு நான் சொல்றேன்."

காமரங்காச் சாறு குடிப்பதை நான் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒங்க சிறுநீரகத்துக்கு அது விஷம். இன்னைக்கே நிப்பாட்டிருங்க. அடுத்த மாசம் ரத்தம் சோதிச்சிட்டு வாங்க. சாப்பாட்ட அதுக்கேத்த மாதிரி மாத்தணும்."

அந்த மாதம் உன் முகம் தெளிந்தது. கால் வீக்கம் வடிந்தது. சாயங்காலம் பிள்ளைகளோடு கிரிக்கெட்கூட விளையாடினாய். அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த கிளினிக் நாள் வந்தபோது, "நல்லாத்தானே இருக்கேன்? ஒரு நாள் வேலைய எதுக்குக்கா கெடுக்கணும்?" என்று மலைக்குப் போய்விட்டாய். உடம்பு நன்றாக இருந்ததே அவர் சொன்னபடி சாப்பிட்டதால்தான் என்று தொண்டை வறளக் கத்தினேன். சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரமே மாமா மறுபடியும் காமரங்காச் சாற்று டம்ளரோடு வந்தார். நான் வீட்டில் இல்லை. குடித்திருக்கிறாய். கேட்டதற்கு, "அவரு மனசு நோகும்க்கா" என்றாய். பிறகு விக்கல் பிடித்தது. யாரோ நினைக்கிறாங்க என்று லயமே சிரித்தது. விக்கல் நிற்கவே இல்லை. மறுநாள் என்னையே யார் என்று கேட்டாய். காமரங்கா விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்; அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள்.

சாவு வீட்டில் விதி, விதி என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கிளினிக்குக்குப் போகாமல் விட்டதற்கு விதி என்ன செய்யும்?

போன வாரம் அதே மாமாவை நான்தான் அந்த மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். அவருக்கும் இப்போது சீனி. உன் சாவைப் பற்றி அவரிடம் நான் எதுவும் பேசியதில்லை, பேசவும் மாட்டேன். மனிதர் ஆசையோடுதான் கொண்டுவந்தார். மிஸ் எல்லாம் கேட்டு முடித்தபின் மாமா தயங்கித் தயங்கி, "வீட்டுக்கு ஆளுங்க ஏதாச்சும் கொண்டாந்து குடுப்பாங்க மிஸ். வேணாம்னா கோவிச்சுக்குவாங்களே?" என்றார்.

மிஸ் சிரித்தார். "நான் ஏசுவேன்னு சொல்லுங்க. பழிய எம்மேல போட்டுருங்க."

மாமா அதை லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். டம்ளர்கள் திரும்பிப் போகின்றன, யாருக்கும் கோபம் இல்லை. நானும் இப்போது யாருக்கு முடியாமல் போனாலும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நீ அன்று போயிருந்தால் உனக்கும் சொல்லியிருப்பாரடா.

அக்கா