‘கோ’ கேட்காமல் எழமாட்டாள்

அன்புள்ள தென்னரசுவுக்கு,

ஆரணியிலிருந்து அம்மா எழுதுகிறேன். படவேட்டம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கச்சி மதிவதனியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கிறோம், நீயும் சிங்கப்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு வார்த்தை சொல்கிறாய், அதற்குள் மதி வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். துரை மாமா மகன் வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், அதோடு இதுவும் வரும். முழுசாகப் படித்துவிட்டு ஊறுகாயைத் திற.

அப்பாவுக்குக் களம்பூர் மில்லில் இப்போது நெல் வரத்து அதிகம், லாரிக்குப் பின்னால் லாரியாக நிற்கிறதாம், வீட்டுக்கு வரும்போது தலை மீசை எல்லாம் உமித்தூசி. எனக்கும் முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களிடமிருந்து, நாடாவுக்குள் போடும் தார்க்குச்சியில் சுற்றித் தரச் சொல்லிப் பட்டுநூல் விடாமல் வருகிறது. கை ஒரு வேலை செய்தால் மனசு ஒரு இடத்தில் நிற்கும் என்று அப்பா யோசனை சொன்னாரே என்று மதியை ஒரு நாள் ராட்டையில் உட்காரவைத்தேன். அவள் சுற்றியதைச் சிக்கெடுக்கவே எனக்கு ஒரு பொழுது போனது. அதோடு அந்த யோசனைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காலாண்டுப் பரீட்சை மார்க்கைக் கேட்டுவிட்டு, கோகோ விளையாட்டை நிறுத்துங்கள், மார்க் வந்த பிறகு பார்க்கலாம் என்று நீ சொன்னாய். வகுப்பு டீச்சரும் அதையேதான் சொன்னார். அப்பா உடனே அவளுடைய பனியனையும் ஷூவையும் எடுத்துப் பரண்மேல் போட்டார். நிறுத்தினோமே, என்ன ஆனது தெரியுமா? அதற்கு முன்னாவது பாதிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், இப்போது ஒரு வரி முடிவதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள், பென்சிலைக் கடித்துத் துப்பினாள், முன்பெஞ்சுப் பிள்ளையின் ஜடையைப் பெஞ்சோடு கட்டிவிட்டு வகுப்புக்கு வெளியே நின்றாள். ஏன்டி இப்படி என்றால், வேணும்னு செய்யலம்மா, கை தானா போயிடுது என்கிறாள். சோறு வேண்டாம் என்று கவிழ்ந்து படுத்துக்கொள்வாள். அவள் வாலாட்டத்தை நான் பொறுத்துக்கொள்வேன் கண்ணு, அவள் வாடிப்போனதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வேலூரில் டாக்டரைப் பார்த்த கதையைப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. அவர் எங்களை எல்லாம் கேட்டு, மதியை எழுதச் சொல்லி, பேசவிட்டுப் பார்த்து, இந்தப் பொண்ணுக்குக் கவனக் குறைபாடு இருக்கு என்றார். உன் அப்பா பொசுக்கென்று எழுந்துவிட்டார். நாங்க நல்லாத்தான் சார் கவனிச்சிக்கினு இருக்கோம், தெனம் முட்டை தரோம், பால் தரோம், உங்களுக்கு யாரு சொன்னது என்று சண்டைக்கு நின்றார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உங்க கவனிப்புல ஒரு கொறையும் இல்லீங்க, ஒரே விஷயத்துல மனச நிக்க வைக்கறதுதான் பொண்ணுக்குக் கஷ்டம், அது கொழுப்பும் இல்ல சோம்பேறித்தனமும் இல்ல என்று பொறுமையாக விளக்கினார். விளையாட்டே எல்லாவற்றையும் சரிபண்ணிவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை, அதையும் உனக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். மனசை நிறுத்தப் பழக்கும் பயிற்சிக்குத் தன்னிடம் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார், மாத்திரை வேண்டுமா என்று போகப்போகப் பார்க்கலாம் என்றார். ஆனால் ஓடியாடுவது இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ரொம்ப நல்லது, தண்டனைன்னு அதை மட்டும் நிறுத்திடாதீங்க என்று எங்களை உட்காரவைத்து அழுத்திச் சொன்னார்.

மறுநாளே பரணிலிருந்து பனியனை எடுத்துக்கொண்டு மதியோடு கிரவுண்டுக்குப் போனேன். அங்கே பிரமிளா டீச்சர், திருமலைப் பக்கத்து ஜைனர் வீட்டுப் பெண், விளையாட்டு டீச்சர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் வழக்கம் அவர்களுக்கு, அதனால் பயிற்சியை வெளிச்சத்திலேயே முடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிடுவார், படிக்க நேரமே இருக்காது என்று நீ பயந்தாயே, அது வேண்டாம். கோகோ என்றால் ஓட்டம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் அதில் பாதி ஆட்டம் உட்காருவது. வரிசையாக ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் பார்த்துக் குந்தியிருக்க வேண்டும். துரத்துகிறவள் முதுகில் தட்டி ‘கோ’ என்று சொன்னால்தான் எழலாம். நம் வீட்டில் தட்டில் சோறு விழுவதற்குள் எழுந்து போகிறவள், அங்கே தரையில் கை ஊன்றிக்கொண்டு அசையாமல் குந்தியிருந்தாள். பின்னால் ஓடிவந்த பெண் முதுகைத் தட்டிவிட்டுக் ‘கோ’ சொல்ல மறந்துவிட்டாள். மதி எழவே இல்லை. எல்லாரும் எழு எழு என்று கத்தினார்கள், இவள், எனக்குச் சத்தம் கேக்கல, எழுந்தா ஃபவுலு என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவளுக்கா கவனம் இல்லை என்று பிரமிளா டீச்சரிடம் கேட்டேன். கவனம் இருக்குதுங்க, தன் முறை எப்ப வரும்னு தெரிஞ்சா காத்துகினு இருப்பா, அவ்ளோதான் என்றார்.

அவரே வகுப்பு டீச்சரிடம் போய்ப் பேசினார். இப்போது மதிக்கு முன்பெஞ்சு. கொஞ்சம் எழுதி முடித்ததும் டீச்சர் அவள் முதுகில் மெல்லத் தட்டி ‘கோ’ என்பார், இவள் எழுந்து போர்டைத் துடைத்துவிட்டு வந்து உட்காருவாள். வீட்டில் நானும் அப்படித்தான். ஒரு கணக்குப் போட்டதும் ‘கோ’, தெருக்குழாய்வரை ஓடிவந்து அடுத்த கணக்கு. போன வாரம் சமூக அறிவியலில் ஒரு பாடம் முழுசாக எழுதினாள், நடுவில் ஒரு கோழிப் படம் இருந்தது, அதை விட்டுத்தள்ளு. அவள் முதல் மார்க் வாங்குவாள் என்று நான் சொல்லவில்லை, நன்றாக வருவாள் என்று சொல்கிறேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஒரே ஒரு பேஜார்தான் பாக்கி. அடுத்த வாரம் சனிக்கிழமை திருவண்ணாமலையில் மாவட்டப் போட்டி, மதி பெயர் டீமில் இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு ஓடுகிறவள், போட்டிக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறாள். நான் போ என்றேன், அப்பா போ என்றார், பிரமிளா டீச்சர் சொல்லியாயிற்று. அண்ணன்தான் நிறுத்தச் சொல்லிச்சி, அண்ணனே சொல்லட்டும் என்று பிடிவாதம். உன் அண்ணனுக்கு இப்போ சம்மதம்தான்டி என்று நானாகச் சொல்லிப் பார்த்தேன். நீ தட்டற, சத்தம் வரலையேம்மா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். உன்மேல் அவ்வளவு பாசம், அவ்வளவு கோபம், இரண்டும் ஒன்றாக இருக்கிறது. இந்தக் கடுதாசி எழுதுவது அவளுக்குத் தெரியாது.

ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. மழையில் நனைந்து வேலைக்குப் போகாதே. அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிய அம்மன் துணை இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது வழக்கம்போல அவள்தான் ஓடிவந்து எடுப்பாள். எடுத்ததும் மார்க் எவ்வளவு என்று கேட்காதே, சாப்பிட்டாயா என்றுகூட அப்புறம் கேட்டுக்கொள். முதலில் ‘கோ’ என்று சொல். ஒரே ஒரு எழுத்துதான் தென்னரசு, நேரம் இல்லை என்று நீ சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா,
த. ரேணுகாதேவி