தேனம்மைக்கு முன்னால் ஒரு கட்டம்

கோட்டையூர்
14-8-1972

என் பேரைக் கொண்டு தில்லியில் படிக்கும் பேத்தி நாச்சம்மைக்கு அப்பத்தா நாச்சம்மை எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பச்சியும் ஆத்தாவும் சுகம். மழைதான் இல்லை. ஊருணித் தண்ணீர் நாலு படி கீழே போய்விட்டது. உனக்கு அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, எழுது.

நீ அனுப்பின வம்சப் படத்தை என் மகன், உன் அப்பச்சி, தரையில் விரித்து வாசித்துக் காட்டினான். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்துப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பிழை இருக்கிறது. மலையாண்டி என்று ஒரே ஆளாகப் போட்டிருக்கிறாய். அது இரண்டு பேர், ஐயாவும் பேரனும். மூத்தவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பேரன்தான் என் கல்யாணப் பந்தியில் எங்கள் ஆட்களைக் கடைசியில் உட்கார வைத்தவர். நாற்பத்து நாலு வருஷமாக நான் அவரை மன்னிக்கவில்லை. கண் தெரியாத மனுஷருக்கு அதில் பங்கில்லை, பிரித்துப் போடு.

ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தாய். மூத்த பெண்ணுக்கு அப்பத்தா பேரை வைப்பதுதானே வழக்கம், எனக்கும் அப்படித்தானே உங்கள் பேர் வந்தது, தேனம்மை அத்தைக்கு மட்டும் ஐயாவின் ஆத்தா பேரை வைக்காமல் உங்கள் ஆத்தா பேரை ஏன் வைத்தீர்கள் என்று. உன் அப்பச்சி வாசித்துவிட்டு, அப்பத்தா அப்போதே சண்டைக்காரி என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாக யாருக்கும் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

என் மாமியார் பேர் அழகம்மை. வாயால் சொல்லக்கூடாது, எழுதுகிறேன். தேனம்மை பிறந்தபோது என் வீட்டுக்காரர், உன் ஐயா, ரங்கூனில் இருந்தார். அந்தப் பேரைத்தான் வைக்க இருந்தோம். அவரிடமிருந்து கடிதம் வந்தது, தேனம்மை என்று வை, வேறு வேண்டாம் என்று. காரணம் எழுதவில்லை. நான்தான் சொல்லிக்கொடுத்து எழுத வைத்தேன் என்று மாமியார் பிடித்துக்கொண்டார். தன் பேர் சொல்ல ஒரு பேத்தி இல்லாமல் செய்துவிட்டாள் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரே வளவு முற்றத்தில் எதிரெதிரே அடுப்பு வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருஷம் என்னோடு பேசாமலே கண்ணை மூடினார். நானும் பேசவில்லை. நான் மட்டும் என்ன குறைந்தவளா.

பர்மாவிலிருந்து நம் சனங்களைக் கப்பலேற்றி அனுப்பினார்களே, அதற்கு மறு வருஷம், வைகாசி. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். முகப்பில் ஒரு பெண் துணிமூட்டையோடு வந்து நின்றாள். முப்பது வயசு இருக்கும். முகம் பர்மாக்காரி முகம், நெற்றி மட்டும் உன் ஐயா நெற்றி. உன் ஐயா பேரைச் சொல்லி, உடையப்பச் செட்டியார் வீடு இதுதானா என்று கேட்டாள். உன் பேர் என்ன என்றேன்.

“அழகம்மை. எங்க அப்பச்சி அவுக ஆத்தா பேரை வச்சாக.”

அந்தக் கடிதத்துக்கு இருபத்தொன்பது வருஷம் கழித்து அன்றைக்குத்தான் காரணம் புரிந்தது. பேரை அவர் முன்னமே கொடுத்துவிட்டார். வழக்கத்தை அவர் மீறவே இல்லை. ஊர் என்னைப் பேசியதுதான் மிச்சம்.

எதையும் கேட்டு வரவில்லை என்றாள். ஆத்தா அங்கேயே இறந்துவிட்டாளாம். ஜப்பான்காரன் சண்டை வந்து உன் ஐயா இங்கே திரும்பினபோது இவளுக்கு எட்டு வயசாம். அப்பச்சி முகம் மறந்து வருகிறது, ஒரு படம் இருந்தால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். படம் ஒரு கதவு தள்ளி வளவில்தான் மாட்டியிருந்தது.

“அப்படி யாரும் இங்க இல்லை. வீடு மாறி வந்துட்டே” என்றேன்.

ஒரு தரம் என்னைப் பார்த்தாள். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்த வெயிலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கவில்லை நான். கோபமெல்லாம் அவர் மேலும் மாமியார் மேலும். அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கையில் அகப்பட்டவள் அவள். தன் பேர் சொல்ல ஒரு பேத்தி இருந்தது மாமியாருக்குத் தெரியாமலே போயிற்று. தெரிந்த நான் வாசலோடு அனுப்பிவிட்டேன்.

நீ கோயில் ஏட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாய். கோயில் மாலை வாங்கி நடந்த கல்யாணம்தான் அதில் குடும்பப் புள்ளியாக ஏறும். ரங்கூனில் மாலை ஏது? எத்தனை தரம் புரட்டினாலும் அவள் அதில் கிடைக்கமாட்டாள்.

மதுரைப் பக்கம் அகதிகளுக்குப் போட்டுக்கொடுத்த வீடுகளில் இருப்பதாகச் சொன்னாள். போன வருஷம் உன் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி பஸ் ஏறிப் போய் விசாரித்தேன். அங்கிருந்து எங்கேயோ போய்விட்டார்களாம். கப்பலில் வந்தவர்கள் பேரெல்லாம் தில்லியில் சர்க்காரிடம் இருக்கும் என்றார்கள். செத்தவர்களை ஏழு தலைமுறை தேடினவள் நீ. இவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயசுதான்.

உன் ஐயா படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி இதோடு வைத்திருக்கிறேன். உனக்கில்லை, அவளுக்கு. உன் அப்பச்சி கேட்டால் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். வம்சப் படத்தில் தேனம்மைக்கு முன்னால் ஒரு கட்டம் போடு. பென்சிலால் வேண்டாம், பேனாவால் போடு. மூத்தவள் அவள்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இருக்கவேண்டும், ஆயி. அவளைக் கண்டால் என்னைப் பற்றி வேறொன்றும் சொல்லவேண்டாம். அன்றைக்கு அவள் வீடு மாறி வரவில்லை என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பத்தா
நாச்சம்மை