அண்ணன் குடிக்கச் சொன்ன ஜூஸ்

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணன் ஜெனிஷுக்கு, அன்றைக்கு உன் கூட்டாளி கெவினின் காரிலிருந்து உன் பெண்டாட்டி, எங்கள் மைனி, இறங்கியபோது சேலையின் தோள் ஊசி வெளிப்பக்கமாகத் தெரிந்தது. காலையில் அதைக் குத்திவிட்டவள் நான். ஊசி வெளியே தெரிந்தால் மைனிக்குப் பிடிக்காது, வீட்டில் ரவிக்கை தைக்கிற எனக்கும் அது கண்ணை உறுத்தும், அதனால் எப்போதும் உள்பக்கமாக மறைத்துத்தான் குத்துவேன். நீ அங்கே மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே அப்பா கடலுக்குப் போய் வருகிறார், பாப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, மற்றபடி சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு எழுத வராது, சொல்லுங்கள் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். "அவன் பேரச் சொன்னாலே நெஞ்சு எரியுது, நீயே எழுது, அம்மா சொன்னதா எழுது" என்றாள். ஆகவே இது அம்மாவின் கடிதம், கோபம் மட்டும் இரண்டு பேருடையது. போனில் பேச்சை எடுத்தால் வைத்துவிடுகிறாய், செய்தி அனுப்பினால் பார்க்காதவன் மாதிரி இருக்கிறாய், அதனால்தான் லீவு முடிந்து வருகிற உன் கம்பெனி ஆள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறோம்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், தெரியாது என்று நீ சொல்வதால். பாஸ்போர்ட் வேலைக்கு மைனி திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறேன் என்றுதான் சொன்னார். நீதான் வேண்டாம், கெவின் காரில் கூட்டிட்டுப் போவான், அவன் நம்ம பாப்பாவுக்கு ஞானத்தகப்பன், அவனைவிட நம்பிக்கையான ஆள் யார் என்றாய். அதற்கு மேல் நாங்கள் என்ன யோசிப்போம்? பாப்பாவைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்தில் நின்றவன் அல்லவா. வேலை முடிந்து திரும்பும்போது வள்ளியூர் பக்கத்தில் காரை நிறுத்தி ஜூஸ் பாட்டில் வாங்கி, வழக்கம்போல மரியாதைக்கு மூடியைத் திறந்து நீட்டியிருக்கிறான். மைனி வேண்டாம் என்றிருக்கிறார். அவன் உடனே உனக்கு வீடியோ கால் போட்டு, "பாருல, ஒன் பொண்டாட்டி நான் வாங்கிக் குடுத்தா குடிக்க மாட்டாவளாம்" என்று சிரித்திருக்கிறான். நீயும் சிரித்துக்கொண்டு, "ஏட்டி, சும்மா குடி, அவன் என்ன வேத்தாளா" என்றாய். மைனி குடித்தார். கொஞ்ச நேரத்தில் தலை கனத்ததும், வாய் திறந்தும் பேச்சு வராததும், ஒரு அறையில் ஃபேன் சுற்றியதும், அவன் முகமும்தான் மைனிக்கு ஞாபகம். நடுவில் மற்றது எல்லாம் இருட்டு. எங்களுக்கும் அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

வீட்டு வாசலில் அவன், "மைனிக்கு வெயில் தாங்கல, மயங்கிட்டாவ, கொஞ்சம் மோரு குடுங்க" என்று சொல்லிவிட்டு பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனான். அம்மா அவனுக்கு நன்றி சொன்னாள். மயக்கம் தெளியட்டும் என்று மைனி தலையில் தண்ணீர் ஊற்றி, சேலையை வாளியில் நனைத்துவிட்டாள். ராத்திரி மைனி அழத் தொடங்கிய பிறகுதான் நான் அந்த ஊசியைப் பற்றிச் சொன்னேன். அம்மா எழுந்துபோய் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் விடிந்ததும், "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன் மாமி. நீங்க வராட்டியும் போவேன்" என்று மைனி சொன்னார், அம்மா செருப்பை மாட்டினாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, குளித்திருந்தாலும் பரவாயில்லை, ரத்தத்திலும் சிறுநீரிலும் மருந்து தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே மைனி போலீசில் புகாரும் எழுதிக் கொடுத்தார். இப்போது ரிப்போர்ட் வந்துவிட்டது. மைனி உடம்பில் தூக்க மருந்து இருந்திருக்கிறது. அவர் வாழ்நாளில் தலைவலி மாத்திரைக்கே யோசிக்கிறவர்.

அதற்குள் நீ பேசிய பேச்சு இருக்கிறதே. அவளுக்குத் தெரியாமலா நடந்திருக்கும் என்று கேட்டாய். கேஸ் என்று போனால் மஸ்கட்டில் நம்ம ஊர்க்காரர்கள் முன்னால் உன்னால் நடக்க முடியாதாம், அவளை அவள் வீட்டுக்கு அனுப்பு என்றாய். மைனி பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார், போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா உனக்குச் சொல்லச் சொன்னது இது: உன் பெண்டாட்டி எங்கேயும் போக மாட்டாள், லீவில் வந்தால் இந்த வீட்டில் உனக்கு இடம் உண்டா என்று அவளிடம்தான் நீ கேட்க வேண்டும்.

ஊர் கமிட்டியிலிருந்தும் வந்தார்கள். கெவினைக் கோயிலில் வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறோம், போலீசுக் கேஸை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். "அருளப்பா, நாளைக்கு ரெண்டு குடும்பமும் ஒரே கடலுக்குத்தான் போவணும்" என்று ஒரு பெரியவர் அப்பாவிடம் சொன்னார். நம் அப்பா கூட்டத்தில் வாயே திறக்காதவர், உனக்குத் தெரியும். அன்றைக்கு, "எம் மருமவ என்ன வலையா, கிழிஞ்ச எடத்தப் பொத்திட்டுக் கடலுக்குப் போவ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. இப்போது தண்ணீர்க் குழாயடிக்கு நாங்கள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது, கெவின் அம்மா மட்டும் சத்தமாக, புருஷன் இல்லாத நேரத்தில் சிங்காரித்துக்கொண்டு காரில் போனவள் என்கிறாள். அந்தக் காரில் ஏற்றிவிட்டவன் நீ என்று அவளுக்குச் சொல்ல அம்மாவுக்கு நாக்கு வரை வந்தது, மைனிக்காக விழுங்கினாள்.

இப்போது கெவின் என்ன சொல்கிறான் தெரியுமா? நான் எங்கேயும் காரை நிறுத்தவில்லை, பாட்டில் எதுவும் வாங்கித் தரவில்லை, அது அவளே வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்கிறான். பாட்டில் அவன் கையில் இருந்ததையும் மூடி திறந்திருந்ததையும் பார்த்தது மைனியை விட்டால் உலகத்தில் நீ ஒருத்தன்தான். மைனி போலீசில் உன் பெயரைச் சொன்னார். நீ அப்பாவிடம், எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை, வீடியோவில் வேறு ஏதோ பேசினோம் என்றாயாம். அண்ணா, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று மத்தியானம் நீ என்னைக் கூப்பிட்டு, "ஒங்க மைனிக்கு ஜூஸ் குடிக்கவும் என் உத்தரவு வேணுமாம், கெவின் பாட்டில நீட்டிட்டு நிக்கான், நான் குடின்னேன்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். மைனி அப்போது அந்தக் காரில்தான் இருந்தார்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே என்று எழுதச் சொன்னாள் அம்மா. இதைச் சொல்லும்போது அழுதாள், அதையும் எழுதுகிறேன். மாதா உனக்கு உண்மை பேசுகிற நாக்கைத் தரட்டும் என்பதுதான் அவள் ஆசீர்வாதம், வேறு ஆசீர்வாதம் இந்தத் தடவை இல்லை. போலீசிலிருந்து கூப்பிடுவார்கள். எடு. பார்த்ததைச் சொல், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னதற்குப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நீதான் அதைச் சொல்லி ஊரெல்லாம் கேலி பண்ணுவாய். நேற்று மகளிர் காவல் நிலையத்துக்கு மைனியோடு போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா என்னையும் விசாரித்தார்கள். நீ போனில் என்னிடம் சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன், உன் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லும்மா என்றார்கள். மறுபடியும் முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன். அவர்கள் எழுதி வாசித்துக் காட்டியதும், உன் மஸ்கட் நம்பரைக் கேட்டார்கள். கொடுத்தேன்.

இப்படிக்கு,
அம்மா கிரேஸிக்காக,
உன் தங்கை பெனிஷா