நாலரை மணிக்கு எழுப்பச் சொன்னாள்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும், அந்த ஊர்க் குளிர் பேரனின் நெஞ்சில் இறங்காமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, அப்படியே எழுதிப் பழகிய கை, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதினால் அது பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் அதது இடத்தில் இருக்கின்றன. வீடுதான் சுகமில்லை. போன வாரம் போனில், "அம்மா ஏன்ப்பா சரியாவே பேச மாட்டேங்கறாங்க, தோத்ததுக்கா இவ்வளவு?" என்று கேட்டாய். நான் போகப் போகச் சரியாகிவிடும் என்று மழுப்பினேன். நீ மறுபடி கேட்டாய், நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் மூன்று அறைக்கும் கேட்கும் என்பது உனக்கே தெரியும், அதனால்தான் பழையபடி காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீயும் ஆபீஸில் வைத்துப் படிக்காதே, வீட்டுக்குப் போய், காலை நீட்டி உட்கார்ந்து படி.

முன்னறையைப் பார்த்தால் நீ அடையாளம் கண்டுகொள்ள மாட்டாய். காலை ஏழு மணிக்கு மனுவும் கையுமாக நாற்பது பேர் உட்கார்ந்திருந்த அந்த நாலு பெஞ்சையும் சுவரோரம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது. தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை பல்கூடத் தேய்க்காமல் அம்மா காய் வெட்டும் கத்தியின் முனையால் வாசல் பெயர்ப் பலகையின் நாலு ஸ்க்ரூவையும் தானே கழற்றினாள். நான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். பலகை இருந்த இடத்தில் சுவரின் பழைய நிறம் மட்டும் சதுரமாகத் தெரிகிறது, அதற்கு வெள்ளையடிக்கவும் விடமாட்டேன் என்கிறாள். பால்காரர் இன்னும் பழக்கதோஷத்தில் எம்.எல்.ஏ. அம்மா என்று கூப்பிடுகிறார், அவள் பாத்திரத்தை நீட்டி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். அவளுடைய போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தேர்தல் நாளில் வாங்கி வைத்தது, அவள் திருப்பிக் கேட்கவே இல்லை. நாள் முழுக்கப் பின்னறையில் உட்கார்ந்து, மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கிறாள். ஜெயித்த முறுக்கு மீசைக்காரர் மரியாதைக்காக வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தார், அவருக்கு டீ போட்டுக் கொடுத்துச் சிரித்துத்தான் அனுப்பினாள். நான்கூட அப்பாடா என்று நினைத்தேன். அவர் கார் தெருமுனை திரும்புவதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது. ஆக, அவளுக்கு வலி தோல்வியில் இல்லை.

பாட்டில் கம்பெனித் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும், மீதியை நான் சொல்ல வேண்டும். அம்மா அந்தக் கம்பெனியில் முதலுதவி அறை நர்ஸாக இருந்தாள் இல்லையா, உலை வெடித்து மூன்று பேர் வெந்துபோனபோது கம்பெனிக்கு எதிராகச் சாட்சி சொன்னாள், வேலை போனது. லைன்காரர்கள்தான் அவளைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். முதல் தேர்தலில் மேஸ்திரிகள் லைனில் வீடு வீடாகப் போய், ஓட்டுப் போடப் போகிறவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவரும் வரவில்லை, அம்மா தோற்றாள். நீ அப்போது ஆறாவது படித்தாய், அவள் அழாமல் உனக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியது ஞாபகம் இருக்கலாம். அடுத்த தேர்தலில் ஷிஃப்ட் விடும் நாலரை மணிக்குக் கம்பெனி வாசலில் போய்த் தனியாக நின்றாள். நான் முன்னால் போறேன், பயப்படாதவங்க பின்னால வாங்க என்றாளாம். உலைச் சூடு ஆறாத முகத்தோடு மொத்த லைனும் அவள் பின்னால் நடந்தது, வீட்டிலிருந்த பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடம் இருபது நிமிட நடை. கேட்டுக்கு நூறு மீட்டர் முன்னால் சுண்ணாம்பில் கோடு போட்டிருப்பார்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் அதைத் தாண்டக் கூடாது, அந்தக் கோட்டோடு அம்மா நின்றுவிடுவாள், அவர்கள் தாண்டிப் போவார்கள். அந்த வருடம் அவள் சட்டமன்றத்துக்குப் போனாள். பிறகு மேஸ்திரிகளின் மிரட்டல் ஓய்ந்துவிட்டது, யாரும் யாரையும் கூட்டிப்போக வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் நாலு தேர்தலிலும் அவள் நாலரைக்குப் போய் நிற்பதும் அவர்கள் அவளோடுதான் நடப்பதும் மாறவில்லை. காலையில் லீவாக இருப்பவன்கூட அக்கா வரட்டும் என்று ஓட்டுப் போடாமல் காத்திருப்பான்.

இந்தத் தடவை என்ன நடந்தது என்றால், அன்று மதியம் ஒரு சாவடி வாசலில் அம்மாவுக்குத் தலைசுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதை உனக்கு நாங்கள் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார், அழுத்தம் எகிறியிருக்கிறது, மாத்திரை போட்டுத் தூங்கட்டும் என்றார். படுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலரைக்கு எழுப்பிடுங்க, கார்ல அஞ்சு நிமிஷம்தான், மறந்துடாதீங்க" என்றாள். நான் மறக்கவில்லை. நாலரைக்கு அறை வாசலில் போய் நின்றேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், முகம் வெளிறி, காலில் வீக்கம் செருப்புத் தடத்தோடு அப்படியே இருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் போனில் லைனிலிருந்து தையல்காரம்மா கூப்பிட்டாள். "அண்ணே, அக்கா கிளம்பிட்டாங்களா, எல்லாரும் கம்பெனி வாசல்ல வந்து நிக்கறோம்" என்றாள். அவளுக்கு முடியவில்லை, நீங்களே போங்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. ஏற்கெனவே அவள் உடம்பு தேறாது, ஜெயித்தாலும் படுத்துக்கொள்வாள் என்று எதிர்த்தரப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள், விஷயம் வெளியே போனால் மீதி ஒன்றரை மணி நேரத்தில் ஊரெல்லாம் பரப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். கிளம்பிட்டாம்மா என்று சொல்லிவிட்டேன். ஐந்தே காலுக்கு மறுபடி கூப்பிட்டாள். வழியில இருக்கா, வந்துடுவா என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர்களே போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் போகவில்லை. ஐந்தே முக்கால் வரைக்கும் நின்றார்கள், அதற்குப் பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள், போய்ச் சேருவதற்குள் ஆறு மணி ஆகி, பள்ளிக்கூட கேட்டைச் சாத்திவிட்டார்கள். வெளியே நின்று கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள், சட்டம் சட்டம்தான். அம்மா எழுந்தபோது ஆறே கால். லைன் என்னாச்சு என்றுதான் முதலில் கேட்டாள். எல்லாரும் போய்ப் போட்டாச்சு, நீ படு என்றேன்.

நாற்பது வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் என்ன தெரியுமா, ஒரு பஸ் வராது என்று தெரிந்தால் மைக்கைப் பிடித்து வராது என்று சொல்லிவிடு, திட்டுவார்கள், திட்டட்டும், வேறு வழி பார்த்துக்கொண்டு போய்ச் சேருவார்கள், வரும் வரும் என்று சொல்லிக் குழந்தை குட்டியோடு நிற்க வைக்காதே என்பதுதான். அதையே நான் முந்நூறு பேருக்குச் செய்துவிட்டேன்.

அம்மா தோற்றது நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில். வாக்கு எண்ணும் இடத்தில் சாவடிவாரியாகத் தாளில் போட்டுக் கொடுத்தார்கள். எப்போதும் இருநூற்றைம்பதுக்குக் குறையாத லைன் சாவடியில் அவளுக்கு முப்பத்தெட்டு, மீசைக்காரருக்குப் பத்தொன்பது. அந்தத் தாளை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் பூத் ஏஜென்ட் சாவடிக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தவர், அவருக்கு லைன்காரர்கள் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும், ஏன் என்று தெரியாது. போட்டாச்சுன்னு சொன்னீங்களே என்று அம்மா என்னைப் பார்த்தாள். யாரோ சொன்னார்கள், சரியாக விசாரிக்கவில்லை என்றேன், அது நாலாவது பொய். காரில் வரும்போது ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "அந்த ஆளுக்குப் போட்டிருந்தாக்கூட எம்மேல ஏதோ கோபம்னு நெனச்சுப்பேன். போடவே வரலீங்க. இருபது வருஷமா முன்னால நடந்தேன், இப்ப நான் வந்தா என்ன வராட்டி என்னன்னு வீட்லயே உட்கார்ந்துட்டாங்க" என்றாள். அன்றிலிருந்து லைன் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. தான் அன்று போய் நிற்கவில்லை என்பதைக்கூட அவள் யோசிக்கவில்லை பார், அவர்கள் அவளுக்காகக் காத்திருப்பார்கள் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை, தனக்கு முடியவில்லை என்று நான் சொல்லியிருப்பேன், மனசிருந்தால் தான் இல்லாமலே போயிருப்பார்கள் என்றே நம்பிவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை என் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கட்டையில் போயிருப்பேன். தையல்காரம்மா மூன்று தடவை வந்துவிட்டாள். மூன்று தடவையும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, அம்மா தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன், காலை பத்து மணிக்குத் தூங்குகிறாள் என்றால் யார் நம்புவார்கள். அவளும் நம்பவில்லை. கடைசியாக வந்த அன்று, "அண்ணே, வழியில இருக்கான்னு சொன்னீங்க, எங்க பக்கம் வர்றதுக்கு அக்காவுக்கு மனசில்லேன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே, நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று கேட்டாள், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அங்கேயும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நான். அன்று ஒரு மனுவும் கொடுத்துவிட்டுப் போனாள். கம்பெனி லைன் வீடுகளை இடிக்கப் போகிறதாம், மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லி எல்லார் வீட்டிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பதவி இல்லாவிட்டாலும் அக்கா வந்து கூட நின்னா போதும் என்று எழுதி, நூற்று நாற்பது வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக்கு வந்த எந்த மனுவும் அம்மா கண்ணில் படாமல் ஒரு ராத்திரி தங்கியதில்லை. இது பதினோரு நாளாக என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. கொடுத்தால் அவள் அவர்களைத் தேடிப் போவாள், போனால் உண்மை தெரிந்துவிடும், அதுதான் பயம். பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவன் என்று டிப்போவில் என்னைக் கிண்டல் பண்ணுவார்கள், அப்போதெல்லாம் நிஜமாகப் பயந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேனே, இரக்கம் மட்டும்தானா அது என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். தோற்றால் இனிமேலாவது நம்மோடு உட்கார்ந்து ஒரு வேளை சோறு சாப்பிடுவாள் என்று மனசின் ஏதோ ஒரு ஓரத்தில் இருந்ததோ என்னவோ. இருந்திருந்தால், கேட்டது கிடைத்துவிட்டது. மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள், தட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

நீ போனில் எதுவும் கேட்டுக்கொள்ளாதே, எனக்காகப் பரிந்தும் பேசாதே. அலைச்சலைக் குறைத்துக்கொள், பேரனுக்கு இரண்டு வேளை சட்டை மாற்றி விடு, மாப்பிள்ளையைக் காரை மெதுவாக ஓட்டச் சொல். உன் வேலையில் ஏதாவது தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடு, ஒரு நாள் தள்ளினால் அது கிழமாகிவிடும், பிறகு தூக்க முடியாது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், நான் எழுதி முடித்துக் கடைசியில் நாலு விரல் இடம் விட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைப்பேன், அவள் முழுக்கப் படித்துவிட்டுத் தன் பங்குக்கு இரண்டு வரி எழுதுவாள், அதன் பிறகுதான் தபாலுக்குப் போகும். இதை எழுத ஆரம்பித்தபோது நேரே தபால் பெட்டியில் போட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். இப்போது அப்படிச் செய்ய முடியாது என்று தோன்றுகிறது. நேருக்கு நேர் சொல்லத் தைரியமில்லாதவன் வேறு எப்படிச் சொல்வது. மனுவையும் கூடவே வைக்கிறேன். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

வாலு,

படித்துவிட்டேன், இரண்டு தடவை. உன் அப்பா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டிருக்கிறார், உள்ளே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவரோடு எப்போது பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது மணி நாலு. நாலரைக்கு ஷிஃப்ட் விடும். மனுவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். முழங்கால் வலிக்கிறது, மெதுவாகத்தான் போய்ச் சேருவேன். நான் வருவது தெரியாததால் இன்றைக்கு அவர்கள் யாரும் எனக்காக நிற்கப் போவதில்லை, நான்தான் அவர்களுக்காகப் போய் நிற்க வேண்டும்.

அம்மா